சிங்கப்பூருக்கு எந்த வழியாகப் போவது, போய் எதில் சுற்றுவது?

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் இதையே கேட்டுவிட்டார்கள். கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன், "கோலாலம்பூர் வழியா போனா டிக்கெட்ல ஐயாயிரம் மிச்சம் அண்ணா, போகலாமா?" என்றான். ஆதம்பாக்கத்தில் இருக்கும் அத்தை மகள் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறாள். ராத்திரி ஃப்ளைட்டா பகல் ஃப்ளைட்டா என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது ஆள் என் மைத்துனர். சொந்த ஊர் மன்னார்குடி, இருப்பது சென்னை, திருச்சியில் போய் ஏறினால் என்ன என்கிறார். மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூன்று பேரும் செய்கிற தப்பு ஒன்றுதான், மொபைலில் வருகிற டிக்கெட் விலையை மட்டும் பார்த்துவிட்டு மீதிக் கணக்கைப் போடாமல் விடுகிறார்கள்.

## முதலில் எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்

நேரம் என்றால் ஃப்ளைட் நேரம் இல்லை. நம் வீட்டுப் பூட்டைப் பூட்டியதிலிருந்து அங்கே ஓட்டல் அறையைத் திறக்கும் வரை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். அடுத்தது பெட்டி, அதுவும் போகும்போது இருக்கிற பெட்டி இல்லை, திரும்பும்போது இருக்கிற பெட்டி. கோடாலித் தைலம், மைலோ, சாக்லேட், முஸ்தபா கடையில் அள்ளியது என்று எல்லாம் சேர்ந்து பதினைந்து கிலோவாவது ஏறிவிடும். மூன்றாவது, கூட வருவது யார், அவர்களால் எவ்வளவு நடக்க முடியும், எத்தனை வரிசையில் நிற்க முடியும். கடைசியாக, நடுவில் ஏதாவது ஒன்று தவறினால் யார் பொறுப்பு. ஒரே டிக்கெட்டாக இருந்தால் விமான நிறுவனம் பார்த்துக்கொள்ளும், இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் நம் தலையில்தான் விடியும்.

கணக்குக்காக ஒரு சிங்கப்பூர் டாலரை எழுபது ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த வழியில் போனாலும் மாறாத செலவு விசா. நமக்கு விசா வேண்டும், கட்டணம் 30 டாலர், அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் போனால் அவர் கூலி தனி. அப்புறம் எஸ்ஜி அரைவல் கார்டு. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், இது முழுக்க இலவசம். காசு கேட்கிற இணையதளத்தில் நீங்கள் நிரப்பிக்கொண்டிருந்தால் அது அரசாங்கத்துடையது இல்லை, உடனே மூடிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வழக்கமும் இப்போது இல்லை, எத்தனை நாள் தங்கலாம் என்பது இமெயிலில் வரும், அதைப் பத்திரமாக வையுங்கள்.

## சென்னையிலிருந்து நேராக

மீனம்பாக்கத்தில் ஏறினால் நாலு, நாலேகால் மணி நேரத்தில் சாங்கி, அதாவது சிங்கப்பூர் ஏர்போர்ட். மூன்று மணி நேரம் முன்னால் போவது, அங்கே வெளியே வருவது எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரத்தில் ஓட்டல் வாசலில் நிற்கலாம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ராத்திரியா பகலா என்பதைத் தவிர.

ராத்திரி ஃப்ளைட்டுக்கு எல்லோரும் சொல்கிற நியாயம், ஒரு நாள் ஓட்டல் வாடகை மிச்சம், விடிந்ததும் ஊர் சுற்றக் கிளம்பலாம் என்பது. சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே பதினொன்றரைக்கு ஏறினால் அங்கே காலை ஆறேகாலுக்கு இறங்குவீர்கள், ஆனால் உடம்புக்கு அது பின்னிரவு மூன்றே முக்கால். நடுவில் சாப்பாடு, விளக்கு, பக்கத்து சீட்டுக் குழந்தை எல்லாம் போகத் தூங்கியது இரண்டு மணி நேரம் இருந்தால் பெரிய விஷயம். ஓட்டலில் அறை கொடுப்பது மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. அதுவரைக்கும் எட்டு மணி நேரம், மாமியாரை எங்கே உட்கார வைப்பது? முன்கூட்டியே அறை வேண்டுமென்றால் பாதி நாள் வாடகை கேட்பார்கள், சில இடங்களில் முழு நாளே. மிச்சம் பிடித்த வாடகை அங்கேயே போச்சு. தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்களுக்கு ராத்திரி ஃப்ளைட் சரி, பெட்டியை ஓட்டலில் போட்டுவிட்டு தேக்கா மார்க்கெட்டில் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் என்றால் காலையில் கிளம்பிச் சாயங்காலம் இறங்குகிற ஃப்ளைட்தான், ஒரு பகல் போனாலும் பரவாயில்லை.

நேர் ஃப்ளைட்டிலேயே பட்ஜெட் விமானமா முழுச் சேவை விமானமா என்று இன்னொரு குழப்பம். பட்ஜெட்டில் முதலில் கண்ணில் படுகிற விலை பெரும்பாலும் ஆளுக்கும் ஏழு, பத்து கிலோ கைப்பைக்கும் மட்டும். சாப்பாடு, சீட் தேர்வு, திரும்பும்போது 20 கிலோ பெட்டி, இவற்றையெல்லாம் சேர்த்த பிறகு பக்கத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விலையை வைத்துப் பாருங்கள், அதில் குறைந்தது 25 கிலோ டிக்கெட்டோடு சேர்ந்தே வரும். பல தேதிகளில் வித்தியாசம் இரண்டாயிரத்துக்குள் வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பெட்டி எடையை ஏர்போர்ட் கவுன்டரில் போய் வாங்குவது மட்டும் வேண்டாம், அங்கே கிலோவுக்குக் கேட்கிற காசில் உள்ளே இருக்கிற மைலோவை இரண்டு தடவை வாங்கலாம்.

பெட்டி என்றதும் ஒன்று. குருமாவுக்குப் போடுகிற கசகசா சிங்கப்பூருக்குள் தடை செய்யப்பட்ட பொருள், அங்கே அதைப் போதைப் பொருள் தடுப்புப் பிரிவு பார்க்கிறது, விளையாட்டு இல்லை. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அந்த டப்பாவை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். சூயிங்கம், வாயில் போடுகிற புகையிலை, இ-சிகரெட் இவற்றுக்கும் அதே கதை.

## கோலாலம்பூர் வழியாக

தம்பி கேட்ட ஐயாயிரம் மிச்சம் இங்கேதான் இருக்கிறது, உண்மையிலேயே மிச்சமா என்பதுதான் கேள்வி.

இதில் இரண்டு வகை. ஒரே டிக்கெட்டில் கோலாலம்பூரில் ஃப்ளைட் மாறுவது முதல் வகை, பெட்டி நேராக சாங்கிக்குப் போய்விடும், நாம் நாலைந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும், மொத்தம் பதினாலு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். பொறுமை இருந்தால் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது வகை, சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குத் தனி டிக்கெட், அங்கிருந்து தரை வழி. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியா விசா இல்லாமல் 30 நாள் அனுமதிக்கிறது, 2026 முடியும் வரை அந்தச் சலுகை உண்டு, அதற்கும் தனியாக ஒரு டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். ஏர்போர்ட்டிலிருந்து ரயிலில் பண்டார் தாசிக் செலாத்தான் போனால் டிபிஎஸ் என்கிற பெரிய பேருந்து நிலையம், நம் கிளாம்பாக்கம் மாதிரி ஊருக்கு வெளியே கட்டியது. அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஐந்தாறு மணி நேரப் பயணம், பேருந்துகள் வசதியாகவே இருக்கும், சீட்டைச் சாய்த்தால் முக்கால்வாசிக் கட்டில்.

சிக்கல் மலேசிய எல்லை ஊரான ஜோகூர் பாருவில் ஆரம்பிக்கிறது. எல்லைப் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், 1924இல் திறந்தது, ஆனால் தினமும் அதைக் கடக்கிற கூட்டம் உலகத்திலேயே பெரிய எல்லைக் கூட்டங்களில் ஒன்று. மலேசியப் பக்கத்தில் பெட்டியோடு இறங்கி வரிசையில் நின்று ஏற வேண்டும், பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸில் மறுபடி பெட்டியோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, ஞாயிறு இரவு, சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை என்றால் பாலத்திலேயே இரண்டு மூன்று மணி நேரம் போகும். நான் ஒருமுறை இப்படிப் போனேன். உட்லண்ட்ஸில் எனக்கு முன்னால் நின்றவருக்கு ஏதோ ஆவணச் சந்தேகம், வரிசை நகரவே இல்லை, நான் வெளியே வந்தபோது நான் வந்த பேருந்தைக் காணோம். அவ்வளவு நேரம்தான் நிற்போம் என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், பிறகுதான் படித்தேன். அப்புறம் 170ஆம் நம்பர் பேருந்தைப் பிடித்து குயின் ஸ்ட்ரீட் போய்ச் சேர்ந்தேன், மணி நள்ளிரவு தாண்டியிருந்தது. வீட்டு வாசலிலிருந்து ஓட்டல் வரை பத்தொன்பது மணி நேரம். மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று என் மனைவி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2025 டிசம்பரிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து ஜோகூர் பாரு வரைக்கும் மின்சார ரயில் ஓடுகிறது, நாலரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. அங்கே இறங்கி ஷட்டில் தெப்ராவ் ரயிலில் ஐந்து நிமிடத்தில் உட்லண்ட்ஸ். பேருந்தை விட இது எவ்வளவோ மேல், பாலத்து நெரிசலே கிடையாது. ஒரே குறை, ஷட்டில் டிக்கெட் முன்னாலேயே தீர்ந்துவிடும். சிங்கப்பூர் போகிற திசையில் ஐந்து ரிங்கிட், திரும்புகிற திசையில் ஐந்து சிங்கப்பூர் டாலர், அதாவது மூன்று மடங்கு.

அப்படியானால் இந்த வழி யாருக்கு? பத்து மலை முருகனைப் பார்க்க வேண்டும், கோலாலம்பூரில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. போகும்போது சென்னை-கோலாலம்பூர், திரும்பும்போது சிங்கப்பூர்-சென்னை என்று டிக்கெட் போட்டால் வந்த வழியே திரும்ப வேண்டாம், ஒரே பயணத்தில் இரண்டு நாடு. ஐயாயிரம் மிச்சம் என்பதற்காக மட்டும் போகாதீர்கள். தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன், அவனுக்கு வயது இருபத்து நாலு, எப்படியும் கேட்க மாட்டான்.

## திருச்சியில் ஏறுவது

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் ஃப்ளைட்டுகள் பல வருடமாக ஓடுகின்றன, 2024இல் புது முனையமும் வந்துவிட்டது, பழைய நெரிசல் இல்லை. டிக்கெட் சில நாட்களில் சென்னையை விடக் குறைவு. ஆனால் சென்னையில் இருக்கிற ஆள் அங்கே போய் ஏற, வந்தே பாரத்தில் போனாலே நாலு மணி நேரம், நாலு பேருக்கு ரயில் டிக்கெட், சாப்பாடு, ஆட்டோ, ஃப்ளைட் விடியற்காலையில் என்றால் ஒரு லாட்ஜ். மிச்சம் எங்கே? பொங்கல், தீபாவளி நேரத்தில் ஊருக்கு வருகிறவர்கள் கூட்டத்தில் அங்கே விலையும் ஏறிவிடும்.

மைத்துனருக்கு நான் சொன்னது, போகும்போது சென்னையில் ஏறுங்கள், திரும்பும்போது திருச்சியில் இறங்கி மன்னார்குடி போய் வாங்கிவந்த சாமான்களையெல்லாம் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள். ஊரில் வேலை இருக்கிறவர்களுக்குத் திருச்சி நல்ல வழி.

கப்பல் இருக்கிறதா என்று பெரியவர்கள் யாராவது கேட்பார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ரஜூலா ஓடிய காலம் ஒன்று இருந்தது, பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது.

## உள்ளே சுற்ற: எம்ஆர்டியும் பேருந்தும்

சிங்கப்பூர் மொத்தமே 735 சதுர கிலோமீட்டர் அளவுதான். அங்கே கார் வாங்கும் உரிமைச் சீட்டுக்கு மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போயிருக்கிறது, அதனால் ஊரே எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலிலும் பேருந்திலும்தான் போகிறது. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, ஒன்றேகால் டாலரில் தொடங்கி எவ்வளவு தூரம் போனாலும் இரண்டரை டாலர் சுமாருக்குள் முடியும். ரயிலிலிருந்து பேருந்து மாறினால் புதிதாகக் கட்டணம் தொடங்காது, அதே பயணத்தின் தொடர்ச்சியாகக் கணக்கிடுவார்கள், 45 நிமிடத்துக்குள் மாற வேண்டும். பேருந்தில் இறங்கும்போது மறக்காமல் கார்டைக் காட்ட வேண்டும், மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனதாக எடுத்துக்கொள்வார்கள். நிறுத்தத்தில் சும்மா நின்றால் பேருந்து நிற்காது, நம் ஊர் மாதிரி கையை நீட்ட வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் தங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சாங்கியில் ஏறினால் எல்லோரும் தானா மேரா வரை போய் மாறச் சொல்வார்கள். அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவிலேயே இறங்கி டவுன்டவுன் தடத்தில் ஏறுங்கள், நேராக லிட்டில் இந்தியா. அதே தடத்தில் பேஃபிரன்ட், சைனாடவுன் எல்லாம் வந்துவிடும். முதல் ரயில் காலை ஐந்தரை வாக்கில், கடைசி ரயில் இரவு பதினொன்றேகால் வாக்கில்.

நம் ஊர் கான்டாக்ட்லெஸ் கார்டையே கதவில் காட்டிப் போகலாம், விசா அல்லது மாஸ்டர்கார்டு. இங்கேயே வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கான்டாக்ட்லெஸையும் திறந்து வைத்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் கதவு திறக்காது, பின்னால் நிற்கிற கூட்டம் பெருமூச்சு விடும். மறைந்திருக்கிற செலவு, வெளிநாட்டுக் கார்டுக்குப் பயன்படுத்துகிற ஒவ்வொரு நாளும் 60 சிங்கப்பூர் காசு கட்டணம். காசு ஏற்றிப் பயன்படுத்துகிற ஈஸி-லிங்க் பயணக் கார்டு வாங்கினால் அட்டை விலை ஐந்து டாலர், திரும்ப வராது. அப்படியானால் எட்டு நாள் வரைக்கும் வங்கிக் கார்டு லாபம், அதற்கு மேல் ஈஸி-லிங்க். ஆனால் ஒரு கார்டில் ஒரு ஆள்தான் போகலாம். நாலு பேருக்கு நாலு கார்டு வேண்டும், மாமியாரிடம் ரூபே கார்டுதான் இருக்கும், அவருக்கு ஈஸி-லிங்க் வாங்கிக்கொடுங்கள். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை.

எம்ஆர்டியில் ஒரு குறை யாரும் சொல்வதில்லை, நடை. நிலையத்துக்குள்ளேயே தடம் மாற அரை கிலோமீட்டர் நடக்க வைப்பார்கள். முட்டி வலி உள்ளவர்களுக்குப் பேருந்துதான் நல்லது, ஏற இறங்கப் படி இல்லை, மாடி பஸ்ஸில் பிள்ளைகளை மேலே முன்சீட்டில் உட்கார வைத்தால் தனியாக ஊர் சுற்றும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கவே வேண்டாம்.

## டூரிஸ்ட் பாஸ்

ஒரு நாளுக்கு 17 டாலர், மூன்று நாளுக்கு 29 டாலர் என்கிற அளவில் விற்கிறார்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. நாள் முழுக்கச் சுற்றினாலும் நாலைந்து பயணம்தான் போவோம், அது ஏழு டாலருக்குள் முடியும், மூன்று நாளுக்கு 21. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஏறி இறங்குகிற சுறுசுறுப்பு உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வாங்குங்கள்.

## டாக்ஸியும் கிராபும்

ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் பகலில் 25 முதல் 35 டாலர் ஆகும். நாலு பேர், நாலு பெட்டி என்றால் இது ஆடம்பரம் இல்லை. நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை டாக்ஸி மீட்டருக்கு மேல் பாதி கூடுதல், அதோடு ஏர்போர்ட் கூடுதல் கட்டணம். நள்ளிரவில் இறங்குகிற மலிவு ஃப்ளைட்டை எடுத்தவர்கள் இந்தக் காசையும் டிக்கெட்டோடு சேர்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கிராப் மாதிரி ஆப்பில் வருகிற தனியார் கார்களில் 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம், இல்லையென்றால் டிரைவர் ஏற்ற மாட்டார். கையைக் காட்டி நிறுத்துகிற சாதாரண டாக்ஸிக்கு அந்த விதி கிடையாது. இது தெரியாமல் மழையில் நின்று மூன்று கிராபை விட்டவர்களை எனக்குத் தெரியும். வண்டியில் நாலு பேருக்கு மேல் ஏற்றவும் மாட்டார்கள், "அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம் அண்ணே" என்ற பேச்சே செல்லாது.

| எதில் | நாலு பெரியவர்களுக்கு ஒரு நாள், டாலரில் | எப்போது சரி |
|---|---|---|
| வங்கிக் கார்டு | 30 சுமார் | ஒரு வாரப் பயணம் |
| ஈஸி-லிங்க் | 28, அட்டைக்கு ஒரு முறை 20 | எட்டு நாளுக்கு மேல், கார்டு இல்லாத பெரியவர்கள் |
| மூன்று நாள் பாஸ் | 39 சுமார் | ஓடிக்கொண்டே இருப்பவர்கள் |
| டாக்ஸி, கிராப் | 50 முதல் 70 | மழை, பெட்டி, முட்டி வலி |

நான் செய்வது கலவைதான். வந்து இறங்குகிற நாள் டாக்ஸி, நடுவில் எல்லாம் ரயிலும் பேருந்தும், இரண்டு நிறுத்தத் தூரம்தான், நாலு பேரும் களைத்துவிட்டோம் என்றால் யோசிக்காமல் டாக்ஸி. செந்தோசா தீவுக்கு ரயிலில் உள்ளே போக நாலு டாலர், பக்கத்திலேயே நடைபாதை இருக்கிறது, அதில் நடந்து போனால் காசே இல்லை, உள்ளே ஓடுகிற பஸ்ஸும் இலவசம்.

திரும்புகிற நாள் ஈஸி-லிங்கில் மிச்சம் இருக்கிற காசைத் தீர்க்கிறேன் என்று சாங்கியில் கடை கடையாகத் திரிய வேண்டாம், கார்டு பல வருடம் செல்லும். என்னுடையது போன வருடம் அத்தையிடம் போனது, இப்போது மைத்துனர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், அதில் மூன்று டாலர் எண்பது காசு இருக்கிறது.